வில்லை எண் இருபத்து மூன்று

அரங்கநாதனின் நான்காவது பெட்டி போர்ட்டர் விருத்தாசலத்தின் தலையில் ஏறியபோது, விழுப்புரம் ஜங்ஷனின் மூன்றாவது பிளாட்பாரத்தில் வெயில் சுவர்வரை வந்திருந்தது. மற்ற மூன்றையும் அவர் ஏற்கெனவே மேம்பாலம் ஏற்றி இறக்கி வெளியே குதிரை வண்டியில் சேர்த்திருந்தார். துணிப்பெட்டி என்று சொல்லித்தான் கூலி பேசப்பட்டது. முதல் பெட்டியைத் தூக்கும்போதே உள்ளே துணி இல்லை என்று கழுத்துக்குத் தெரிந்துவிட்டது.

"புஸ்தகங்களா சார்?"

"கொஞ்சம் புஸ்தகமும் இருக்கு" என்றார் அரங்கநாதன். குடையை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். திண்டிவனத்துக் கல்லூரி ஒன்றுக்கு மாற்றலாகி வந்திருக்கும் வரலாற்றுப் பேராசிரியர். வீடு விழுப்புரத்தில்தான் கிடைத்திருந்தது.

மேம்பாலத்தின் பாதிப் படியில் விருத்தாசலம் நின்றார். எல்லோரிடமும் அவர் கேட்பது அந்த இடத்தில்தான். பெட்டி தன் தலையில் இருக்கும்வரை பெட்டிக்காரர் பதில் சொல்லாமல் போய்விட முடியாது என்பதை இருபது நாளாகக் கவனித்திருந்தார்.

"சார், நம்ம பையன் பிளஸ் டூ பாஸ் பண்ணிக்கினு நிக்கிறான். நல்ல மார்க்கு. ஹிஸ்டரி படிக்கணும்ன்றான். படிக்க வெக்கலாங்களா?"

அரங்கநாதன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வேணாம்ப்பா. நான் நடத்தறதே அந்தப் பாடம்தான், அதனால சொல்றேன். என் பையனையே பி.காம்லதான் சேத்திருக்கேன். உன்ன மாதிரி ஆளுங்களுக்குப் படிச்சு முடிச்ச அன்னிக்கே சம்பளம் வரணும். ஹிஸ்டரியெல்லாம் அடுப்பைப் பத்திக் கவலைப்படாதவன் படிக்கிறது."

புத்திமதிக்கு உண்டானதைக் கழித்துக்கொண்டாரோ என்னவோ, வண்டியருகே பேசிய கூலியில் ஒரு ரூபாய் குறைத்துக் கொடுத்தார்.

பார்சல் ஆபீஸ் சுவரில் சவுரிராயன் கரித்துண்டால் கோடு போட்டு வைத்திருந்தார். அவரும் போர்ட்டர்தான், பத்தொன்பதாம் எண். எண்பத்து நாலாம் வருடத்துப் பரீட்சை முடிவு வந்த மறுநாளிலிருந்து விருத்தாசலம் கேட்டு வந்த அபிப்பிராயங்கள் அத்தனையும் அந்தச் சுவரில் இருந்தன. காமர்ஸுக்குப் பதினெட்டு கோடு. பிசிக்ஸுக்கு ஆறு. கணக்குக்கு மூன்று. 'படிக்கவே வைக்காதே' என்று சொன்ன இரண்டு பேருக்கும் சவுரிராயன் நியாயமாகத் தனி இடம் ஒதுக்கியிருந்தார். ஹிஸ்டரிக்குக் கீழே ஒன்றுமில்லை.

"இன்னிக்கி ஒரு ஹிஸ்டரி வாத்தியாரே ஆப்ட்டாரு" என்றார் விருத்தாசலம்.

சவுரிராயன் கரியை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்ப ஹிஸ்டரிக்கு ஒண்ணு போட்டுடட்டுமா?"

"இல்ல. அதையும் காமர்ஸ்லயே போடு."

விருத்தாசலத்துக்கு இதில் ஆச்சரியம் இல்லை. படிப்பை அவர் ஏற்கெனவே கழுத்தால் நிறுத்துப் பார்த்திருந்தார். பேங்க் ஆபீசர்களின் சூட்கேஸ் லேசாக இருக்கும், சொன்ன கூலி வரும். வாத்தியார்களின் பெட்டி ஆளை அமுக்கும், கூலிக்கு வாசல்வரை வாக்குவாதம் வரும். பாதிப் படியில் நிற்கையில் இப்போதெல்லாம் வலது முட்டியில் ஒரு சத்தம் கேட்டது. பையனுக்கு மூன்று வருடம் படிப்பு. முட்டி மூன்று வருடம் தாங்கினால் போதும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார்.

பையன் பூமாலைக்கு வேறு கணக்கு. பத்தாவதில் பள்ளிக்கூடத்திலிருந்து மண்டகப்பட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாறையைக் குடைந்த கோயிலைக் காட்டியிருந்தார்கள். அதற்குப் பிறகு அவன் வாடகை சைக்கிளில் மூன்று தடவை தனியாகப் போய்வந்தான். தூணில் இருந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாமலே நோட்டில் பார்த்து வரைந்துகொண்டு வந்தான். அம்மா சின்னபொண்ணு, கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லிலிருந்து வந்து அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, இது என்ன கோலமா என்று கேட்டாள்.

விழுப்புரம் கல்லூரியின் பட்டியலில் அவன் பெயர் வரவில்லை. திண்டிவனத்துக்குப் போட்ட விண்ணப்பத்தில் காமர்ஸை முதலாவதாக எழுதச் சொல்லியிருந்தார் அப்பா. பூமாலை முதலாவதாக வரலாறும் இரண்டாவதாகக் காமர்ஸும் எழுதினான். விண்ணப்பம் ஆங்கிலத்தில் இருந்ததால் வீட்டில் சண்டை வரவில்லை. தகப்பனார் தொழில் என்ற கட்டம் வந்தபோது பக்கத்தில், அவனைப்போலவே விண்ணப்பம் எழுத வந்த ஒலக்கூர் சுப்பராயலு உட்கார்ந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். சுப்பராயலு தன் கட்டத்தில் 'நிலச்சுவான்தார்' என்று போட்டு முடித்திருந்தான். பூமாலை கொஞ்சம் யோசித்து 'ரயில்வே ஊழியர்' என்று எழுதினான்.

நேர்முகத்துக்குப் பெற்றோரும் வர வேண்டும் என்று கார்டு வந்தது. சவுரிராயன் பூசைக்குப் போட்டுப்போகும் வெள்ளைச் சட்டையைக் கொடுத்தார். அது விருத்தாசலத்துக்குத் தோளில் இறுகி வயிற்றில் தொளதொளத்தது. கையில் கட்டும் பித்தளை வில்லையை வீட்டில் வைத்துவிட்டு வரும்படி பூமாலை சொன்னான். வில்லையை விட்டுவிட்டு வெளியூர் போகிற வழக்கம் போர்ட்டர்களுக்குக் கிடையாது. தொலைந்தால் பிழைப்பே போயிற்று. விருத்தாசலம் அதைச் சட்டைப்பையில் போட்டு மேலே கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்.

கல்லூரி வராந்தாவில் நாற்பது ஐம்பது பேர் நின்றார்கள். பூமாலைக்குப் பின்னால் சுப்பராயலு. எந்தப் பாடம் வேண்டும் என்று யாரோ கேட்டதற்கு, எதுவானாலும் சரி, பி.ஏ. என்று பத்திரிகையில் அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என்றான். கல்யாணப் பத்திரிகையைச் சொன்னான்.

முதலில் பையன்களை மட்டும் உள்ளே அழைத்தார்கள். மேஜைக்குப் பின்னால் அரங்கநாதனும் காமர்ஸ் பேராசிரியரும். ஓரத்தில் கிளார்க் சீனுவாசன் விண்ணப்பங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். வரலாறு முதல் விருப்பம் என்று பார்த்ததும் அரங்கநாதன் கண்ணாடியை மாற்றிக்கொண்டார். இதுவரை வந்தவர்களில் அப்படி எழுதியிருந்தவர்கள் இல்லை. ஏன் வரலாறு என்று கேட்டார். பூமாலை மண்டகப்பட்டைப் பற்றிச் சொன்னான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டினேன் என்று ராஜா எழுதி வைத்திருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னான்.

"அப்புறம்?"

"கல்லை வெட்னவங்க பேரு அதுல இல்லைங்க சார். ராஜா பேருதான் இருக்குது."

அரங்கநாதன் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார். "பாத்தீங்களா, இந்தக் கேள்விய எம்.ஏ. படிக்கிறவன் கேக்க மாட்டான்." பிறகு கையெழுத்துக்காகத் தகப்பனாரைக் கூப்பிடச் சொன்னார்.

விருத்தாசலம் உள்ளே வந்ததும் நாற்காலியின் பின்பக்கம் மாட்டியிருந்த குடையைப் பார்த்தார். பிறகுதான் ஆளைப் பார்த்தார். அரங்கநாதன் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு எதிர் நாற்காலியைக் காட்டினார்.

"வாங்க, உக்காருங்க. ரயில்வேல இருக்கீங்களா?"

விருத்தாசலம் மகனைப் பார்த்தார். பூமாலை தரையைப் பார்த்தான்.

"ஆமாங்க சார்" என்று சொல்லி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"உங்க பையன் ஹிஸ்டரிய முதல்ல கேட்டிருக்கான். தாராளமா விடுங்க. ரயில்வேன்னா உங்களுக்குப் பாஸ் இருக்கு, பென்ஷன் இருக்கு. பிடிச்சதப் படிக்கட்டுமே. போன வாரம் விழுப்புரத்துல ஒரு போர்ட்டர். என் பெட்டியத் தலையில வெச்சுக்கிட்டு, பையன் ஹிஸ்டரி கேக்கறான், படிக்க வெக்கலாமான்னான். பாதிப் படியில நின்னுக்கிட்டு. வேணாம்ப்பான்னேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்."

காமர்ஸ் பேராசிரியர் சிரித்தார். பூமாலை அப்பாவைப் பார்த்தான். பெட்டி நாலு என்று மட்டுமே அப்பா அந்த வாத்தியாரைப் பற்றி வீட்டில் சொல்லியிருந்தார். விருத்தாசலம் குடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பையன் சொன்னது சரியா இருந்துதுங்களா சார்?" என்று கேட்டார்.

"சரியாவா? நீங்க குடுத்து வெச்சவர்."

விருத்தாசலத்தின் கை கைக்குட்டையைத் தேடிப் பைக்குப் போய், வில்லை தட்டுப்பட்டதும் திரும்பி வந்தது. சீனுவாசன் பேனாவைத் திறந்து கொடுத்து, இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

விருத்தாசலம் எழுத்துக் கற்றது ஸ்டேஷன் ரிஜிஸ்டருக்காகத்தான். தினமும் காலையில் போர்ட்டர்கள் பெயர் எழுதி, பக்கத்தில் எண்ணைப் போட்டு வட்டமிட வேண்டும். ஏழெழுத்தையும் எண்ணையும் அவர் ஒரே சொல்லாகக் கற்றிருந்தார். அப்படியே எழுதினார். எழுதி முடித்து வட்டத்தைச் சேர்த்த பிறகுதான் கை நின்றது.

"இது என்னங்க, இருபத்து மூணு?" என்றார் சீனுவாசன்.

மின்விசிறி விண்ணப்பங்களின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

"ஸ்டாஃப் நம்பர் சார்" என்றான் பூமாலை. "அப்பாவோட ஸ்டாஃப் நம்பர்."

அப்பாவைப் பார்க்காமல் சொன்னான்.

விருத்தாசலம் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். போன வருடம் சவுரிராயன் இன்னொருவருக்காக ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டுப் பத்து நாள் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தார். இது காலேஜ் காகிதம். பையன் மூன்று வருடம் இங்கே இருக்க வேண்டும்.

"இல்லைங்க சார்" என்றார். "வில்லை நம்பருங்க. பையன் பயந்துக்கினு சொல்றான்." பையிலிருந்து எடுத்து, விண்ணப்பத்தின் மேல் படாமல் ஓரமாக வைத்தார். பித்தளையில் 23 தேய்ந்திருந்தது.

அரங்கநாதன் வில்லையைப் பார்த்தார். பிறகு முதல் முறையாக முகத்தைப் பார்த்தார்.

"நீதானா அது?"

விருத்தாசலம் எழுந்து நின்றார். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"ஏம்ப்பா, இத முதல்லயே சொல்லியிருக்கலாமே. உன்கிட்டதான் அன்னிக்கே விவரமா எடுத்துச் சொன்னேனே." குரலில் கோபம் இல்லை. விண்ணப்பத்தைத் தன் பக்கம் இழுத்தார். 'ரயில்வே ஊழியர்' என்பதை அடித்து, 'போர்ட்டர்' என்று நிதானமாக எழுதினார். பேனா மேலே போய் முதல் விருப்பத்தின் மேல் நின்றது.

"என்னப்பா பூமாலை, காமர்ஸே போட்டுடட்டுமா? உன் நல்லதுக்குத்தான்."

மூவரும் அவனைப் பார்த்தார்கள். வரலாறு என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். கொஞ்ச நேரத்துக்கு முன் அவன் மறைக்கப் பார்த்த ஆள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தச் சட்டையின் தோள் தையல் பிரிந்திருந்தது.

"சரிங்க சார்."

"சொன்னா புரிஞ்சுக்கிறான். நல்லா வருவான்" என்றார் அரங்கநாதன். வில்லையை விரல் நுனியால் தள்ளிக் கொடுத்தார்.

வராந்தாவில் விருத்தாசலம் சட்டையைச் சரிசெய்துகொண்டார். ஹிஸ்டரியை முதலில் எழுதியதற்காகப் தன்னைத் திட்டுவார் என்று பூமாலை காத்திருந்தான். அவர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"காமர்ஸ்தானே. பத்தொம்போது பேரு சொல்லிக்கீறாங்கோ" என்றார்.

சுப்பராயலு உள்ளே போனவன் சீக்கிரமே சேர்க்கை அட்டையுடன் வெளியே வந்தான். வரலாறு என்று போட்டிருந்தது.

"டேய் பூமாலை, இதுல கணக்கு வருமாடா?"

வராது என்று பூமாலை சொன்னான்.

சாயங்காலப் பாசஞ்சரில் ஜன்னல் பக்கம் கிடைத்தது. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏதாவது சொல்லத் தொடங்கலாம் என்று பூமாலை நினைத்தான். வண்டி கிளம்பிவிட்டது.

விழுப்புரத்தில் இறங்கி நாலடி நடப்பதற்குள் பின்னால் குரல் கேட்டது. "போர்ட்டர்!" குரல் தெரிந்ததாக இருந்தது. இரண்டு ரயில்பெட்டி தள்ளி அரங்கநாதன் நின்றிருந்தார். காலடியில் கயிறு கட்டிய இரண்டு கட்டுப் புத்தகம், கல்லூரி நூலகத்து முத்திரையுடன். யாராவது வருவார்கள் என்று பார்த்துக் கூப்பிட்டவர், திரும்பிய ஆளைப் பார்த்ததும் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"வேற யாராச்சும் இருந்தா..." என்றார்.

"நானே வர்றேங்க சார்."

விருத்தாசலம் வெள்ளைச் சட்டையைக் கழற்றி மடித்து மகனிடம் நீட்டினார். துண்டைச் சும்மாடாகச் சுற்றி, வில்லையைக் கையில் கட்டினார். முதல் கட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டாவதற்குக் குனிந்தபோது முட்டி சத்தமிட்டது. பூமாலை சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தக் கட்டை எடுத்தான். மேல் புத்தகத்தின் முதுகில் பல்லவர் என்று ஒரு சொல் தெரிந்தது. மீதியைக் கயிறு மறைத்திருந்தது. சும்மாடு இல்லாமல் அப்படியே தலையில் ஏற்றினான். அதற்குமேல் அது என்ன புத்தகம் என்று பார்க்க முடியவில்லை.

கூலி எவ்வளவு என்று அன்று அரங்கநாதன் கேட்கவே இல்லை. குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார்.

பாதிப் படியில் விருத்தாசலம் நிற்கவில்லை.

"கீழ பாக்காத" என்றார் திரும்பாமல். "கழுத்த ஆட்டாம வா."