ஐம்பத்துநான்கு பாகை

அச்சுவேலியிலிருந்து ஞானரட்ணம் களைநாசினிப் போத்தலோடு ஆய்வுகூடத்துக்கு வந்தது பங்குனி தொடக்கத்தில். தகரக் கொட்டிலுக்குள் ஒரு வருடம் கிடந்த மருந்து. வெங்காயத் தோட்டத்துக்கு அடித்தும் ஒரு புல்கூட வாடவில்லை. விற்ற நிறுவனமோ அவர் அளவு பிழைத்துக் கலந்தார் என்று கைகழுவிவிட்டது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்த அந்தச் சிறிய ஆய்வுகூடத்தில் வேலை செய்த றஜிதாவுக்கு வெயிலின் மேல்தான் சந்தேகம். அதே உற்பத்தித் தொகுதியில் புதுப் போத்தல் ஒன்றை வாங்கி, மாதிரிகளைச் சூடாக்கும் கனலடுப்பில் ஐம்பத்துநான்கு பாகையில் வைத்தாள். பதினான்கு நாள் சூடு மாறாமல் இருக்க வேண்டும். அதன்பிறகு மருந்தின் வீரியத்தில் தொண்ணூற்றைந்து வீதமாவது மிஞ்சினால்தான் அது வெப்பம் தாங்கும் என்று கணக்கு.

ஒன்பதாம் நாள் நாலு மணித்தியாலம் கரண்ட் நின்றது. முதலிலிருந்து தொடங்கினாள்.

இரண்டாம் முறை, பன்னிரண்டாம் நாள் காலை வந்து பார்த்தால் நாற்பது பாகை. கூட வேலை செய்யும் ஜொனதன் மண் மாதிரிகளைக் காயவைக்கக் குறைத்திருந்தான். சூட்டை மாற்ற வேண்டாம் என்று கதவில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருந்ததைக் காட்டி ஏன் என்று கேட்டாள். அது மற்றக் கனலடுப்புக்கு என்று நினைத்தானாம். அங்கே இருந்ததே ஒன்றுதான்.

"போத்தலை நான் தொடேல்லை, அக்கா. சூட்டைத்தான் கொஞ்சம் குறைச்சனான்."

"போத்தலைத் தொட்டிருந்தாலும் பறவாயில்லை, ஜொனதன்," என்றாள். அதற்குமேல் கதைத்தால் கத்திவிடுவாள் போலிருந்தது. வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து புதுப் போத்தலை வைத்தாள்.

மூன்றாம் முறை ஜெனறேற்றர் ஒன்றைக் கேட்டு வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் வந்து, கனலடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்து சாப்பிட்டாள்.

மிஞ்சியது எண்பத்தொரு வீதம்.

நிறுவனத்தின் முகவர் கிறகோரி அறிக்கையை வாசித்துவிட்டு, குளிர்ந்த இடத்தில் வைக்கவும் என்று லேபிளில் தெளிவாக இருக்கிறதே என்றார். றஜிதா ஞானரட்ணத்தின் கொட்டிலில் மத்தியானம் எடுத்த அளவை அவர் முன்னால் வைத்தாள்: நாற்பத்தொன்பது பாகை. இந்த ஊரில் தோட்டக்காரர் வேறெங்கே வைப்பார்கள் என்று கேட்டாள். இரண்டு கிழமை இழுத்தடித்த பிறகு, அந்தத் தொகுதியைக் கடைகளிலிருந்து திருப்பி எடுக்க நிறுவனம் சம்மதித்தது.

அன்றைக்கே ஞானரட்ணத்துக்குப் போன் எடுத்தாள். பிழை அவரில் இல்லை என்று நிரூபித்தாயிற்று என்றாள்.

"நல்லது, பிள்ளை. புல்லைப் போன மாதமே கையாலை புடுங்கிப்போட்டம். வெங்காயமும் பாதிதான் தேறினது," என்றார் அவர். பிறகு, அடுத்த போகத்துக்கு எந்த மருந்து நல்லதென்று கேட்டார்.

சோதித்துத்தான் சொல்ல வேண்டும் என்றாள் றஜிதா.