பதினொரு பூச்சு

கதவில் பழைய பெயிண்ட் சுரண்டுகிறவளுக்கு முன்பல் இரண்டு கிடையாது. தொழிலுக்கு வந்த மூன்றாம் மாதம், ஏதோ ஒரு விடுதியின் பதினாலாம் நம்பர் கதவில் பச்சையை உரித்து நீலத்தைத் தொட்ட நிமிடத்தில், கதவு அந்தப் பற்களைத் தட்டி எடுத்துவிட்டது. கதவின் மேல் அவளுக்கு வருத்தமில்லை. அந்த அறையில் என்றைக்கோ ஒருவன் இன்னொருவன் முகத்தில் விட்ட குத்து அது. மேலே பெயிண்ட் பூசிவிட்டதால் உள்ளேயே அடைந்து கிடந்தது, வழி கிடைத்ததும் வெளியே வந்தது, எதிரே இவள் வாய் இருந்தது, அவ்வளவுதான். தம் முன்னால் விழுந்த அடிகளைக் கதவும் கட்டிலும் அலமாரியும் பூச்சுக்குப் பூச்சு பத்திரமாக வைத்திருக்கும் என்பது சுரண்டும் பட்டறைகள் இருக்கும் அந்தத் தெருவில் பால்காரனுக்குக்கூடத் தெரியும். அதனால் ஒவ்வொரு பட்டறையிலும் கதவுக்கு எதிரே வைக்கோல் திணித்த சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டு, ஓரமாக நின்றுதான் சுரண்டும் தகட்டைப் போடுவார்கள். சாக்கு துள்ளும், கிழியும், சாயங்காலம் தைத்துக்கொள்ளலாம். பள்ளிக்கூட மேசைகள் பிரம்படிகளைச் சுள்சுள்ளென்று கொடுத்து முடித்துவிடும். வக்கீல் வீட்டு நாற்காலியில் அடி ஒன்றும் இருக்காது, வசவு மட்டும் அரைமணி நேரம் கேட்கும். படுக்கையறைக் கதவு என்றால் இரட்டைச் சாக்கு.

இதை நம்பாதவர்கள் பெயிண்டர்கள் மட்டும்தான். பெயிண்டைக் கரைக்கும் ரிமூவர் நெடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு புத்தி பேதலித்துப்போன கூட்டம் என்று சுரண்டுகிறவர்களைக் கேலி பேசுவார்கள். மேலே ஒரு கை பூசிவிட்டால் கீழே இருப்பது தீர்ந்தது என்பது அவர்கள் கணக்கு. அப்படிப்பட்ட பெயிண்டர் ஒருவனுக்குத்தான் அவள் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். நல்ல கைவேலைக்காரன், குடியில்லை, சீட்டில்லை. வீட்டுப் படுக்கையறைக் கதவுக்கு வருஷம் தவறாமல் புதுப் பூச்சு கொடுப்பான். மாப்பிள்ளைக்கு வீட்டின் மேல் எவ்வளவு ஆசை பார் என்று சொந்தபந்தம் மெச்சியது. தங்கை முகத்தில் வீக்கத்தோடு வந்தால் அக்கா என்னவென்று கேட்பாள். குளியலறையில் வழுக்கிவிட்டது என்பாள் தங்கை. அடுத்த முறை மாடிப்படியில் தவறிவிட்டேன் என்பாள். அந்த வீட்டில் மாடியே கிடையாது. மேற்கொண்டு கேட்டால் இரண்டு மாதம் வரமாட்டாள் என்பதால் அக்கா கேட்பதை நிறுத்திக்கொண்டாள். ஆனால் கதவுக்கு என்ன நிறம் பூசியிருக்கிறது என்று மட்டும் ஒவ்வொரு வருஷமும் விசாரித்து வைத்துக்கொள்வாள்.

பதினோராவது வருஷம் அந்தக் கதவு சாத்த வராமல் போயிற்று. சுரண்டாமல் பூச்சின் மேல் பூச்சாக ஏற்றியதில் அது நிலைக்குள் நுழையாத அளவுக்குத் தடித்துவிட்டது. அறையில் நடப்பது தெருவுக்குக் கேட்க ஆரம்பித்தது, எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் தொண்டையைக் கனைத்தார். அடுத்த நாள் காலை பெயிண்டர் கதவைக் கழற்றித் தள்ளுவண்டியில் ஏற்றி, மறுமுனையைப் பெண்டாட்டி பிடித்துக்கொள்ள, அக்காவின் பட்டறைக்கே கொண்டுவந்தான். வேறு யாரிடமாவது போனால், பெயிண்டர் வீட்டுக் கதவு சுரண்ட வந்திருக்கிறது என்று ஊரே சிரிக்கும் என்ற பயம் அவனுக்கு. தங்கை முந்தானையை இடது காதின் மேல் இழுத்து விட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அக்கா கதவின் ஓரத்தில் தகட்டைச் சரித்து ஒரு கீறு போட்டாள். நிறங்கள் அடுக்கடுக்காகத் தெரிந்தன. எண்ணிப் பார்த்தாள், பதினொன்று. விசாரித்து வைத்திருந்த வரிசையில் ஒன்றுகூடத் தப்பவில்லை. தொங்கிக்கொண்டிருந்த சாக்கை எடுத்து மூலையில் போட்டாள். கதவுக்கு உடையவர் எதிரே நின்றால் விலகி நிற்கும்படி மூன்று தடவை சொல்லியாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் கட்டுப்பாடு. ஒரு தடவை சொல்லிவிட்டு அடுத்ததை விழுங்கியவர்களை அதன்பிறகு யாரும் பட்டறையில் சேர்த்ததில்லை. அவள் விழுங்கவில்லை.

"மாப்பிள்ளை, கதவுக்கு நேரா நிக்காதீங்க. தள்ளி நில்லுங்க."

தேக்கு ரேகையைப் பார்க்க வேண்டும் என்று அவன் இன்னும் கொஞ்சம் நெருங்கி நின்றான். இரண்டாம் தடவை சொன்னாள். அவன் பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். மூன்றாம் தடவை தங்கைக்கும் கேட்கும்படி நிதானமாகச் சொன்னாள்.

"நான் பூசின கதவு அண்ணி. என்னையா இடிக்கப்போவுது? நீங்க உங்க வேலையைப் பாருங்க."

அவள் தன் வேலையைப் பார்த்தாள். சாம்பல் நிறம் சுருண்டு விழுந்ததும் அவன் இடது காதில் ஓர் அறை விழுந்தது, காதுக்குள்ளிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கியது. ஓடப் பார்த்தான். அடுத்த பூச்சில் அடியோடு சேர்த்து, முடியைக் கொத்தாகப் பிடித்து நிறுத்துகிற கையும் இருந்தது, ஆகவே அவனால் நகர முடியவில்லை, அந்த வருஷம் தங்கையாலும் முடிந்திருக்கவில்லை. மஞ்சளில் மூக்கு உடைந்தது. கரும்பச்சையில் வலது கையின் மூன்று விரல்கள் நிலையில் வைத்துச் சாத்தியதுபோல நசுங்கின. ஊதாவில் விலா எலும்பு முறிகிற சத்தம், எதிர்ப் பட்டறையில் கட்டில் சுரண்டிக்கொண்டிருந்தவருக்குக் கேட்டது. அவர் படுக்கையறைக் கதவு போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார்.

ஊதாவுக்குக் கீழே வெள்ளை எட்டிப் பார்த்தபோது தங்கை படியேறி உள்ளே வந்தாள்.

"அக்கா, நிறுத்து."

அக்கா நிறுத்தினாள். முடி இன்னும் கண்ணுக்குத் தெரியாத பிடியில் இருக்க, அவன் உடைந்த முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது. தங்கை அவனைப் பார்க்கவில்லை.

"இந்த வெள்ளை வருஷம் என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது. நான் ஆஸ்பத்திரியில கிடந்தப்போ பூசுனது. தகட்டை இப்படிக் குடு."

வெள்ளையை அவள் அவசரப்படாமல் உரித்தாள். அந்த வருஷம் பிறக்க இருந்த பிள்ளை ஏன் பிறக்கவில்லை என்பது, அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடிந்த விதத்தில் அக்காவுக்குத் தெரிந்துபோயிற்று. மிச்சப் பூச்சுகளையும் தங்கையே உரித்தாள். கடைசியில், கல்யாணமான வருஷத்துச் சிவப்பில், லேசாக ஒரே ஓர் அறைதான் இருந்தது. அதன் பின்னால், அன்றைக்கு இளைஞனாக இருந்த அவன் குரல் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே இனிமேல் கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் செய்தது. தகட்டைப் பிடித்தபடியே அதை அவள் முழுக்கக் கேட்டாள். பிறகு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து அதையும் எடுத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் தாடைக்குக் கம்பி போட்ட டாக்டர், யார் அடித்தது என்று கேட்டார். மாடிப்படியில் தவறி விழுந்ததாக அவன் இடது கையால் எழுதிக் காட்டினான். தங்கை திரும்பிப் போகவில்லை. அந்தக் கதவு, நிறமே இல்லாமல், அக்கா தங்கை இருவரும் படுக்கிற அறைக்குப் போடப்பட்டது. சாத்தினால் சத்தமில்லாமல் பொருந்தும்.

அந்த வருஷத்திலிருந்து சுற்றுவட்டார ஆண்களுக்குப் பழைய பெயிண்டின் மேல் திடீரென்று ஒரு பிரியம் வந்தது, கதவைச் சுரண்டுகிற பேச்சையே அவர்கள் எடுப்பதில்லை. வேலை மட்டும் குறையவில்லை. பெண்கள் இருவர் இருவராகக் கதவைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தார்கள். அக்கா ரிமூவர் கலக்கிக்கொண்டிருப்பாள். தங்கை கதவை வாங்கிச் சாய்த்து, ஓரத்தில் கீறிப் பூச்சை எண்ணி முடித்துவிட்டு, வந்தவளிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்பாள்.

"வீட்டுக்காரர் வருவாரா, இல்ல சாக்கு கட்டவா?"