ஒரே உயரம்

அன்னவாசலுக்கு மேற்கே இருந்த விவசாயிகள் சங்கம் எதற்காக இரண்டாக உடைந்தது என்பது இரு தரப்புக்கும் மறந்துவிட்டது. யார் பெரியவர் என்பது மட்டும் மறக்கவில்லை. ஒரு தரப்புக்குத் தலைவர் குணசேகரன், மறு தரப்புக்கு ஆத்மநாதன். மருந்து தெளிக்க ஒருவர் டிரோன் வாங்கினார். செய்தி கேட்டு மற்றவரும் வாங்கினார்.

இரண்டுக்கும் ஒரே வயலில் தொடக்க விழா. குணசேகரனின் டிரோனை ஓட்டப் புவனேஸ்வரி, ஆத்மநாதனின் டிரோனுக்கு ஷமீமா. ஒன்றாகப் பயிற்சி முடித்த சிநேகிதிகள். எதை முதலில் கிளப்புவது என்ற பேச்சுவார்த்தை முறிந்துபோனதால், இரண்டும் ஒரே நேரத்தில் வயலின் இரு முனைகளிலிருந்து கிளம்பி, நடுவில் பக்கம் பக்கமாக நின்று போட்டோவுக்கு முகம் காட்டும் என்று முடிவாயிற்று.

புவனேஸ்வரியின் கவலை அந்த நடுவில்தான் நின்றது. டிரோன் எட்டப் போய்விட்டால் தூரம் கண்ணுக்குப் பிடிபடாது. அதனால் அவள் வீட்டுக்காரர் பிரவீன்குமார் எப்போதும் நடு வரப்பில் நின்று போனில் சொல்வார். “வலத்தால... இன்னும் கொஞ்சம்... நில்லு.” அவள் விரல் அந்தக் குரலுக்குத்தான் நகரும்.

“ஐயா, ஒன்னு மேலயும் ஒன்னு கீழயும் போகட்டும்ங்க. நடுவுல எங்க வீட்டுக்காரர் நிக்கிறாரு” என்றாள்.

“தாராளமா. நம்மது மேல” என்றார் குணசேகரன்.

“அப்ப நான் கீழ. அதான?” என்றார் ஆத்மநாதன்.

“நான் சொல்லல. நீங்களே சொல்லிக்கிறீங்க.”

“ஏம்மா ஷமீமா, அவுக டிரோனுக்கு மேல ஒரு மொழம் ஏத்தியே ஓட்டு.”

“இப்புடி ஏத்திக்கிட்டே போனா திருச்சி ஏர்போர்ட்லேருந்து போன் வரும்ங்க” என்றாள் ஷமீமா.

கூட்டம் சிரித்தது. பெரிய மனிதர்கள் இருவரும் பெருந்தன்மையோடு இறங்கி வந்தார்கள். ஒரே உயரம். கைதட்டல் எழுந்தது.

“நீங்க ஓரமா வந்துருங்க” என்று வீட்டுக்காரரிடம் கெஞ்சினாள் புவனேஸ்வரி.

“ஓரத்துல நின்னா தூரம் எப்புடித் தெரியும்? நீ என் கொரலை மட்டும் கேளு புவனா.”

விருந்தினர் முகம் சுளிக்கக் கூடாதென்று மருந்துக்குப் பதிலாகத் தண்ணீரில் பன்னீர் கலந்து ஊற்றியிருந்தார்கள். டிரோன்கள் கிளம்பின. வயலெங்கும் கல்யாண வீட்டு வாசனை. மைக்கில் தலைவர்களின் பட்டங்களை வாசிக்கத் தொடங்கினார்கள். ‘வேளாண் வேந்தர்’ முடிந்து ‘மண்ணின் மைந்தர்’ தொடங்குகையில் பிரவீன்குமார் போனில் ஏதோ சொன்னார்.

“என்னங்க? கேக்கலைங்க” என்றாள் புவனேஸ்வரி.

அவர் சொன்னது ‘நில்லு.’

இரண்டு டிரோன்களும் அவர் தலைக்கு மேலே மோதின. உடைந்த இறக்கைத் துண்டு ஒன்று முகத்தில் பாய்ந்தது. அவர் வரப்பில் உட்கார்ந்து இரு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டார். உடைந்த தொட்டிகளிலிருந்து பன்னீர் அவர் மேல் கொட்டியது. மைக்கில் இன்னும் பட்டங்கள் பாக்கியிருந்தன.

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் நனைந்த சட்டையைக் கழற்றிய நர்ஸ், “கல்யாணத்துலேருந்தா வர்றீங்க?” என்று கேட்டாள். “ஆமா” என்றாள் ஷமீமா. வேறு எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வலது கண் போய்விட்டது. இடது கண்ணைப் பற்றிக் கேட்டபோது டாக்டர், கட்டுப் பிரிக்கட்டும், பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

எல்லாம் காற்றால் வந்தது என்பதில் தலைவர்கள் இருவரும் முதன்முறையாக ஒத்துப்போனார்கள். ஆளுக்கொரு சால்வையோடு ஆஸ்பத்திரிக்கும் வந்தார்கள். யார் முதலில் போர்த்துவது என்று கட்டிலருகே சற்றுத் தயங்கி, இருபுறமும் நின்று ஒரே நேரத்தில் போர்த்தினார்கள். போட்டோ எடுத்து முடித்ததும் கிளம்பினார்கள்.

“போயிட்டாங்களா?” என்றார் பிரவீன்குமார். இரண்டு கண்களிலும் கட்டு.

“போயிட்டாங்க.”

“சால்வைய எடு புவனா. புழுங்குது. கொஞ்சம் தண்ணி குடு.”

டம்ளரைக் கையில் திணிக்கப் போனாள். வேண்டாம், தானே வாங்கிக்கொள்கிறேன் என்று அவர் கையை நீட்டினார். கை காற்றில் துழாவியது.

“வலத்தாலங்க” என்றாள். “இன்னும் கொஞ்சம்...”

அடுத்து வர வேண்டிய சொல் ‘நில்லு.’ கை டம்ளரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.