மூன்று லிட்டர்

மாதா கோயில் பழையது, தரையும் தாழ்ந்தது. ஐப்பசி பிறந்தால் ஏரித் தண்ணீர் சுவருக்கடியில் ஊறி வந்து கல்லறைத் தோட்டத்தில் தேங்கிவிடும். அதை இறைக்க, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் சென்னை டிரஸ்ட் ஒன்று இன்ஜினும் டீசலும் கொடுத்திருந்தது. ஓட்டுவது செசிலியா. சுவரோரக் கடைசிக் குழியில் அவள் மகன் சாம் கிடந்தான். ஏரியில் மூழ்கி மூன்றாம் நாள் கிடைத்தவன். இனி அவன்மேல் தண்ணீர் ஏறக்கூடாது என்றுதான் அவள் தினமும் கயிறு சுற்றி இன்ஜினை இழுத்தாள்.

ஆடியில் டிரஸ்டிலிருந்து சரண்யா லேப்டாப்போடு வந்தாள். பருவநிலை மாறுவதால் எந்த இடத்துக்கு என்ன ஆபத்து என்று பார்க்கிறார்களாம்.

"மழை நாள்ல எவ்ளோ டீசல் ஆகும்மா?"

பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த ஜான்சன் செசிலியாவின் காதருகே குனிந்தான். "இன்னாக்கா முழிக்கிற? போட்டுக்கு மானிய டீசல் கேக்கசொல்ல எவன் நெஜத்த எழுதறான்? பன்னெண்டுனு அட்ச்சி வுடு. பாதியா வெட்டினாலும் ஆறு வரும்."

குப்பத்தில் எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

"பன்னெண்டு லிட்டர் மேடம்."

சரண்யாவின் விரல்கள் நின்றன. "நல்லா யோசிச்சு சொல்லுங்கம்மா."

"அதுவே பத்தாது மேடம்."

புரட்டாசியில் கடிதம் வந்தது. டீசல் எரியும் இடங்களுக்கு இனி நன்கொடையாளர்கள் உதவமாட்டார்கள். நாளொன்றுக்கு ஐந்து லிட்டருக்குள் செலவாகும் இடங்களில் சோலார் மோட்டார் வைக்கப்படும். மற்றவை கைவிடப்படும்.

செசிலியா போன் போட்டாள். "மேடம், மூணு லிட்டர்தான். பொய் சொல்லிட்டேன். எம்புள்ள மேல சத்தியமா மூணுதான்."

"லெட்டர் போனதும் எல்லா ஊர்லயும் மூணு ஆயிடுச்சும்மா," என்றாள் சரண்யா.

ஜான்சன் கேட்டுவிட்டு, "நான் சொன்னா? உனுக்குப் புத்தி எங்கக்கா போச்சு?" என்றான்.

ஐப்பசி முதல் மழையன்று கேனில் மிச்சம் மூன்று லிட்டர் இருந்தது. விடிந்ததும் ஊற்றினாள். சாயங்கால மணி அடிக்கும்வரை இன்ஜின் ஓடியது. மழை விடவேயில்லை, கல்லறைகளுக்கு நடுவே ஒரு குட்டைகூட இல்லை. எழுதிக்கொண்டு போகத்தான் யாரும் வரவில்லை.

மறுநாள் டிரஸ்டிலிருந்து இரண்டு பேர் வந்து இன்ஜினைப் படகில் ஏற்றிப் போனார்கள்.

மூன்றாம் நாள் சாமின் சிலுவையில் பெயர்வரை தண்ணீர் நின்றது. செசிலியா குடத்தில் மொண்டு மொண்டு சுவருக்கு வெளியே ஊற்றினாள். சுவருக்கு வெளியேயும் ஏரிதான்.