தெளிந்த நாளின் கையெழுத்து

கனகாம்பாளுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை, சொத்தைப் பார்த்துக்கொள்ள அவளால் ஆகாது என்று செங்கல்பட்டு ஜில்லா கோர்ட்டில் மனுப் போட்டவன் அவளுடைய கொழுந்தன் சுப்பராயன். சில வருஷங்களுக்கு முன்னால் கும்மிடிப்பூண்டி தண்டவாளத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டவளை, கூட்ஸ் வண்டி ஊதிக்கொண்டு வந்த நேரத்தில் இழுத்துப் போட்டவனும் அவன்தான். இழுத்த வேகத்தில் அவனுடைய முழங்கை உடைந்து, கோணலாகவே கூடிவிட்டது. அந்தக் கையைப் பார்த்தால் கனகாம்பாளுக்குக் கோபம் வராது. வழக்கில் அவளுக்கு இருந்த பெரிய கஷ்டமே அதுதான்.

புருஷன் பச்சையப்பன் செத்துப்போன வருஷத்தில் அவளுக்கு நோய் கண்டது. இடது காதோரம் ஒரு ஆண்குரல் பேச ஆரம்பித்தது. தெரிந்தவர் யாருடைய குரலும் இல்லை. சோற்றில் மருந்து வைத்திருக்கிறார்கள் என்றது, வீட்டை விட்டு ஓடு என்றது. சென்னையில் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை வைத்துப் பார்த்தார்கள். மாத்திரை சாப்பிட்ட பிறகு குரல் சன்னமாகிவிட்டதே தவிர, ஒரேயடியாகப் போகவில்லை. கை நடுக்கமும் வாய் உலர்வதும் மிச்சம். அதோடேயே அவள் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, பச்சையப்பன் விட்டுப்போன மூன்று காணி நிலத்தைக் குத்தகைக்கு விட்டுக் காலம் தள்ளினாள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ரோட்டோரமெல்லாம் முள்கம்பி வேலி முளைத்தது. பக்கத்துக் கழனிகள் தொழிற்சாலை கட்ட வந்த கம்பெனிக்குப் போயின. கனகாம்பாள் மட்டும் தரமாட்டேன் என்றாள். "மறுபடியும் உனக்கு வந்துச்சின்னா எவனாவது ஒரு வெத்துப் பேப்பர்ல ரேகை உருட்டிக்கினு பூடுவான் அண்ணி. என் பேர்ல இருந்தா நானாவது நல்ல வெலைக்குக் குடுத்துப் பாத்துக்குவேன்" என்று சுப்பராயன் சொல்லிப் பார்த்தான். அவன் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. அவள் மசியவில்லை என்றதும் கோர்ட்டுக்குப் போனான்.

ஒரு மனநல டாக்டர் அவளைப் பரிசோதித்து அறிக்கை தரவேண்டும் என்று ஜட்ஜ் உத்தரவு போட்டார். டாக்டர் ராஜமாணிக்கம் என்பவர் வாரத்தில் ஒருநாள் சென்னையிலிருந்து திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்கு வந்து போவார். அவரிடம் போகச் சொல்லி நோட்டீஸ் வந்தது.

அவளுக்காக ஆஜரான பொன்னேரி வக்கீல் திருமலை ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக்கொடுத்தார். "குரல் கேக்குதான்னு கேப்பாரு. இல்லேன்னுடுங்க. கேக்குதுன்னு ஒரு வார்த்தை வந்தா கேஸ் முடிஞ்சிபோச்சு. அப்புறம் உங்க ஊட்டுப் பெட்டியைத் தொறக்கக்கூட உங்க கொழுந்தனைக் கேக்கணும்."

திருவள்ளூருக்கு பஸ்ஸில் மூன்று பேராகப் போனார்கள். சுப்பராயன் முன்சீட்டில். அவனுடைய பெண்சாதி பூவம்மாள் கனகாம்பாளுக்குப் பக்கத்தில். பெரியபாளையம் தாண்டியதும் குரல் வந்தது. பேசாதே, பேசாதே என்று அது முணுமுணுத்துக்கொண்டே வந்தது. கனகாம்பாள் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாக்கா, வேர்த்துக் கொட்டுது?" என்றாள் பூவம்மாள்.

"பஸ் சூடு."

டாக்டர் ராஜமாணிக்கத்தின் அறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலியும்தான். கதவைச் சாத்தச் சொன்னார். மேஜைமேல் ஒரு கிளாஸ் தண்ணீரை வைத்து, "பயணத்துல வந்திருக்கீங்க, குடிங்க" என்றார். அவள் எடுக்கவில்லை. அவர் அதைக் கவனித்ததை அவளும் கவனித்தாள்.

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

அன்று வியாழன். அவர் திருத்தவில்லை. எழுதிக்கொண்டார். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் அப்புறம்தான் அவள் கண்ணில் பட்டது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்றாள். அதற்குமேல் வரவில்லை. முந்தானையை எடுத்துக் கையை மூடிக்கொண்டாள். ஆற்றுக்கும் ஏரிக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டதற்கு மட்டும் சரியாகச் சொன்னதாக அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு நிலத்தைப் பற்றிக் கேட்டார். யார் பேரில் இருக்கிறது, யார் பயிர் வைக்கிறார்கள், விற்றால் என்ன ஆகும். இதற்கெல்லாம் அவள் தடுமாறாமல் பதில் சொன்னாள். விற்றுவிட்டால் திரும்பி வராது, பத்திரம் பதிவானபிறகு அழுதாலும் வராது என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "உங்க காதுல யாராவது பேசுறது இப்பவும் கேட்குதா?"

சொல்லாதே என்றது குரல். இல்லை என்று சொல், இல்லை என்று சொல்.

வக்கீல் சொன்னதும் அதுதானே. இரண்டு பேரும் ஒரே பேச்சாகப் பேசியது கனகாம்பாளைத் திடுக்கிட வைத்தது. இத்தனை வருஷத்தில் அது சொன்ன எதைக் கேட்டு அவள் நல்லபடியாக இருந்திருக்கிறாள்? கதவுக்கு வெளியே சுப்பராயன் செருமுவது கேட்டது.

"கேக்குதுங்க" என்றாள்.

"இப்ப என்ன சொல்லுது?"

"சொல்லாதேங்குது. அந்தத் தண்ணியில மருந்து கலந்துகீதுங்குது."

"நீங்க நம்புறீங்களா?"

அவள் கிளாஸைப் பார்த்தாள். "பாதி நம்பறேன். பாதி இல்ல."

"அப்ப குடிக்க வேண்டாம்" என்றார் அவர். கிளாஸைத் தள்ளி வைத்தார். "நிலத்தைப் பத்தி அது ஏதாவது சொல்லுதா?"

"சொல்லும். கம்பெனிக்காரன் அங்க பொணம் பொதைப்பான்னு சொல்லும்."

"அதனாலதான் விற்க மாட்டேங்கறீங்களா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் இவ்வளவு நேரமும் சுற்றி வந்தார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அவசரப்பட்டு இல்லை என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டாள். தனக்குள்ளேயே தேடிப் பார்த்தாள்.

"இல்லீங்க. அது சொல்றதுக்கு முந்தியே நான் வேணான்னுட்டேன். எனக்குப் புள்ள குட்டி கெடையாது. குத்தகை நெல்லுல சாப்புடறேன், அதுலயே மாத்திரையும் வாங்கிக்கறேன். நெலம் பூடுச்சின்னா டப்பு தம்பி கையில இருக்கும். மாத்திரைக்கு நான் அவன் ஊட்டு வாசல்ல போய் நிக்கணும். அவன் நல்லவன்தான். ஆனா நிக்கணுமே. நாளைக்கு விக்கலாம்னு தோணினா விப்பேன். நான் விக்கணும்."

"நோய் முத்திப்போனா?"

"முத்தினா எனக்குத் தெரியாதுங்க. அப்ப அதுதான் நெசம்னு இருக்கும். பூவம்மாவுக்குத் தெரியும். நான் அடுப்பு மூட்டலேன்னா அவ கண்டுபிடிச்சிடுவா. அவ ஆஸ்பத்திரிக்கு இஸ்துக்கினு போவட்டும். அந்த நாள்ல நான் போடற கையெழுத்து செல்லாதுன்னு எழுதிக்குங்க சார். மத்த நாள்ல செல்லும்னும் எழுதுங்க."

டாக்டர் வெகுநேரம் எழுதினார்.

வெளியே வந்ததும் சுப்பராயன் கேட்டான், "இன்னா சொன்னே?"

"எல்லாத்தையும் சொல்ட்டேன்."

அவன் முகத்தில் சட்டென்று ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்த்ததும் கனகாம்பாள் பக்கத்தில் நின்ற பூவம்மாளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். விஷயத்தைக் கேட்ட வக்கீல் திருமலை தலையில் கைவைத்துக்கொண்டு, இனி தன்னால் ஒன்றும் ஆகாது என்றுகூடச் சொல்லிவிட்டார். வாய்தா வரும்வரை கனகாம்பாளுக்குச் சோறு இறங்கவில்லை. கோர்ட்டில் தன்னைப் பூட்டிவைக்கச் சொல்லிவிடுவார்களோ, போலீஸ் வேன் வருமோ என்று என்னென்னமோ தோன்றியது. அதில் எது தன் பயம், எது குரல் என்று பிரித்துப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. மாத்திரையை மட்டும் ஒருவேளைகூடத் தவறவிடவில்லை.

செங்கல்பட்டில் டாக்டர் ராஜமாணிக்கம் கூண்டேறி, நோய் குணமாகவில்லை என்றுதான் ஆரம்பித்தார். கனகாம்பாள் கண்ணை மூடிக்கொண்டாள். குரல் கேட்கிறது, திரும்பவும் முற்றக்கூடும், முற்றினால் அப்போது அவரால் முடிவெடுக்க முடியாது என்றார். "ஆனால் நான் பார்த்த அன்று தன் நிலம் எது, விற்றால் என்ன நஷ்டம், என்ன லாபம் என்று அவர் தெளிவாக அறிந்திருந்தார். விற்க மறுப்பது நோயால் அல்ல. கணக்கில் தவறினார், கிழமையில் தவறினார். அது மாத்திரையின் மந்தமும் பயமும்."

சுப்பராயனின் வக்கீல் கனகாம்பாளைக் கூண்டில் ஏற்றினார். "இப்ப இந்த கோர்ட்டுலயும் அந்தக் குரல் கேக்குதாம்மா?"

"கேக்குதுங்க."

பின்பெஞ்சில் சிலர் சிரித்தார்கள். வக்கீல் ஜட்ஜைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "என்ன சொல்லுது?" என்றார்.

"எறங்கி ஓடுங்குது."

ஜட்ஜே குனிந்து கேட்டார், "ஏன் ஓடவில்லை?"

"நீங்க இன்னும் போவச் சொல்லலீங்களே."

ஜட்ஜ் அவளை இறங்கிப் போய் உட்காரச் சொன்னார். அடுத்து பூவம்மாள், புருஷன் தரப்புச் சாட்சியாக. அவள் சுப்பராயன் இருந்த பக்கமே திரும்பவில்லை. "வந்துட்டா அவங்களால ஒண்ணும் ஆவாதுங்க" என்றாள். வக்கீல் தலையாட்டினார். "வராதப்போ குத்தகைக்காரன்கிட்ட பேசறதெல்லாம் அவங்கதான். எங்க ஊட்டுக்காரரே யோசனை கேக்க அவங்ககிட்டதான் போவாரு." அன்று திரும்பி வரும் வழியெல்லாம் சுப்பராயன் பெண்சாதியோடு பேசவில்லை.

மனு தள்ளுபடியானது. தெளிவாக இருக்கும் காலத்தில் அவள் செய்வது செல்லும், இல்லாத காலத்தில் செய்வது செல்லாது, இதற்கு நிரந்தரமாக ஒரு கார்டியன் தேவையில்லை என்று ஜட்ஜ் எழுதினார். வக்கீல் திருமலை அதை இரண்டு தடவை உரக்கப் படித்துக் காட்டினார். கனகாம்பாள் ஒரு சோடா வாங்கிக் குடித்தாள். சந்தோஷம் என்று தனியாக ஒன்றும் வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

அடுத்த ஐப்பசி மழையில் நோய் திரும்பிவிட்டது. அடுப்பு எரியவில்லை என்று பூவம்மாள் பார்த்துக்கொண்டு வந்தபோது, கனகாம்பாள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தாள். சென்னைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அந்த நாட்கள் சரியாக ஞாபகமில்லை. கார்த்திகை முடிவில் வீடு திரும்பியபோது பூவம்மாள்தான் சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவுக்கே கம்பெனி புரோக்கர் ஒருவன் கிரயப் பத்திரத்தையும் மைப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு வந்தானாம். கனகாம்பாள் கையை நீட்டக்கூட நீட்டினாளாம். சுப்பராயன் அவன் சட்டையைப் பிடித்து கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் விட்டானாம்.

சுப்பராயன் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தான். கனகாம்பாள் போய் நின்றாள்.

"நீ ஏன் தம்பி அவனை அனுப்பிட்டே? நீ கேட்டதும் அதுதானே?"

அவன் திரும்பாமலே சொன்னான். "அந்த நாள்ல போட்டா செல்லாதுன்னு கோர்ட்ல சொல்லிக்கீறாங்களே. போ, போய்ப் படு. பனி எறங்குது."

வழக்குக்குப் பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. நிலத்தை அவள் விற்கவில்லை. அவனும் அதற்குமேல் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று இருந்ததா என்று அவளும் விசாரிக்கவில்லை. மறுநாள் காலையில் பூவம்மாள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் கூழ் காய்ச்சினாள்.