ஆயுத பூசைக்கு மறுநாள்

ரூமானா மூன்று வருடமாக ஒரு சாயத்துக்கு மாப்பிள்ளை தேடுகிறாள் என்று கல்லூரியில் கேலி பேசுவார்கள். கேலியானாலும் விஷயம் அதுதான். அந்தச் சாயம் தண்ணீரில் தனியாகக் கிடந்தால் ஒளிராது. தோதாக மடிந்த ஆர்.என்.ஏ. இழை ஒன்று இறுகப் பிடித்தால்தான் ஒளிரும். அப்டமர் என்பது அந்த இழையின் பெயர். இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸின் மரபணு வந்து ஒட்டினால் மட்டுமே மடியும்படி அதை அவள் வடிவமைத்திருந்தாள். நாற்பத்தேழு ஜோடி பொருந்தவில்லை. நாற்பத்தெட்டாவது பொருந்தியது.

ஆயுத பூசைக்கு மறுநாள், விடுமுறை என்றும் பாராமல் ஆய்வகத்துக்கு வந்தாள். கோட்டைப்பட்டினத்தில் தம்பி அஜ்மலின் பண்ணைக்குப் பக்கத்துக் குளத்தில் இறால் செத்து மிதந்தது. இவன் குளத்துக்கும் நோய் வந்திருந்தால் பாதி வளர்ச்சியிலேயே இன்றைக்கே அள்ளியாக வேண்டும். அள்ளினால் பண்ணையை மூடிவிட்டு, வேலைக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும் பழைய முதலாளியிடம் மறுபடி துபாய்க்குப் போக வேண்டியதுதான். விடியற்காலை பஸ்ஸில் அவன் கொடுத்துவிட்ட இறாலை அரைத்து, சாயமும் இழையும் கலந்த மூன்று குழாய்களை நீல விளக்குப் பெட்டியில் நிறுத்தினாள். முதலாவதில் வைரஸ், இரண்டாவதில் வெறும் தண்ணீர், மூன்றாவதில் அஜ்மலின் இறால்.

மூன்றும் பச்சையாக ஒளிர்ந்தன.

வெறும் தண்ணீருக்கு ஏது வைரஸ்? மூன்று வருட உழைப்பும் பாழ். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அக்கா, வலையோட ஆளுங்க நிக்கிறாங்க. அள்ளிடவா?"

"அரை மணி நேரம் பொறுடா."

எரிச்சலில் குழாய்களைப் பிடுங்கினாள். பெட்டிக்குள் குழாய் செருகும் காலி ஸ்டாண்டும் ஒளிர்ந்தது. கதவைத் திறந்துவிட வந்திருந்த உதவியாளர் தங்கமுத்துவைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதுல என்ன பூசுனீங்க?"

"பூசைக்கு மஞ்சளும் சந்தனமும் கொழைச்சுப் பொட்டு வச்சேங்க. ஒங்க பெட்டிதான இங்க ரொம்ப ஒழைக்குது? அதான் குழிக்கு ஒண்ணா வச்சேன்."

நீல வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். படித்த பாடம்தான். யாரைக் கோபிப்பது? ஸ்பிரிட் விட்டு அவரே துடைத்துக் கொடுத்தார். குழாய்களை மறுபடி வைத்தாள். முதலாவது ஒளிர்ந்தது. இரண்டாவது இருட்டு. 'பிஸ்மில்லா' சொல்லி மூன்றாவதைப் பார்த்தாள். இருட்டு. இருபது நிமிடம் கழித்தும் இருட்டுதான்.

"அஜ்மல், அள்ளாத. ஒன் இறாலுக்கு நோய் இல்ல."

அந்தப் பக்கம் குளத்தில் சுற்றும் காற்றாடியின் சத்தத்தையும் மீறி, "வலையச் சுருட்டுங்கண்ணே!" என்று கத்தினான்.

"அக்கா, துபாய்க்காரருக்கு நீயே போன் போட்டு நான் வரலைன்னு சொல்லிரு. எனக்குப் பேச வரல."