கறுப்பு நாய்க்கு எள்ளுச்சாதம்

பக்கத்து வீட்டு ஜெயவேலின் இரண்டு நாய்களும் ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்குத்தான் வாயை மூடும். ஒன்று கறுப்பு, இன்னொன்று செவலை. செவலை சும்மா ஒத்து ஊதுவதோடு சரி; கச்சேரி முழுக்கக் கறுப்புடையது. விம்கோ நகரின் அந்தச் சந்தில் ஆறு வீடு, ஆறிலும் அதே பேஜார்தான். ஆனால் தூக்கம் போனால் சோறும் போகும் என்கிற வீடு ஒன்றே ஒன்று. அது மங்கையின் வீடு.

அவள் புருஷன் தண்டபாணி, கன்டெய்னர் யார்டில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும் வண்டி ஓட்டுகிறான். வீடு அளவுக்கு ஒரு இரும்புப் பெட்டியை அந்தரத்தில் தூக்கி, இன்னொன்றின் தலையில் அலுங்காமல் வைக்க வேண்டும். காலை ஆறு மணிக்கு ஷிப்ட். இரண்டு மாதத்துக்கு முன்பு ஒரு பெட்டியின் மூலையை இடித்து நசுக்கிவிட்டான். மெமோ கொடுத்தார்கள். இன்னொரு தப்பு நடந்தால் வேலை இல்லை என்று வாயாலும் சொல்லிவிட்டார்கள்.

மறுநாளே மங்கை ஜோசியரிடம் ஓடினாள். ஜாதகத்தில் சனி சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கிறாராம். எட்டு சனிக்கிழமை கறுப்பு நாய்க்கு எள்ளுச்சாதம் வைக்கச் சொன்னார். "முடியுற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதும்மா. புருஷன்கிட்ட சொன்னாலும் பலிக்காது" என்றார்.

சந்தில் கறுப்பு நாய் என்றால் ஜெயவேலுடையது மட்டும்தான். முதல் சனிக்கிழமை ராத்திரி, தண்டபாணி கண்ணயர்ந்த பிறகு பின்பக்கச் சுவருக்கு மேலாக இலையோடு நீட்டினாள். நாய் நக்கித் தீர்த்தது. அதுவரை அது ராத்திரியில் குரைத்ததே இல்லை. மறுநாள் ஞாயிறு என்று அதற்கு யார் சொல்வது? அதே நேரத்துக்குச் சுவரடியில் வந்து நின்று குரைத்தது. புருஷன் எழுந்துவிடுவானே என்று பதறி, டீக்கடைப் பொறை ரொட்டி ஒன்றைப் போட்டாள். அடங்கியது. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் குரைத்தது, இந்த முறை செவலையும் சேர்ந்துகொண்டது. இன்னும் இரண்டு பொறை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

மங்கைக்கு அப்படித் தோன்றவில்லை. பரிகாரம் வேலை செய்கிறது, அதனால்தான் சனி முரண்டு பிடிக்கிறார், போகிறவர் ஒரு உதை விட்டுத்தான் போவார் என்று நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள், பாவம். பிடித்துக்கொள்ள அவளுக்கு வேறு எதுவும் இல்லை.

இரண்டாவது வாரம் தண்டபாணி ஜெயவேல் வீட்டு வாசலில் போய் நின்றான். மங்கையும் பின்னாலேயே போனாள்.

"மாமு, ஆறு மணிக்கு நான் வண்டி ஏறணும். நாய உள்ள கட்டேன்."

"உள்ள கட்டுனா கதவப் பிராண்டுது நைனா. ராவுல வாயே தொறக்காத நாய் இது. இப்ப இன்னா வந்துச்சோ தெரில. என் பொண்டாட்டியும் தூக்கமில்லாமத்தான் கீறா."

மங்கை தரையைப் பார்த்தாள். தண்டபாணி வீட்டுக்குத் திரும்பிவிட்டான்.

ஏழு வாரம் ஓடியது. சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே அவன் தலை சாய்ந்தது. கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்து கிடந்தன. அதைப் பார்க்கும்போதெல்லாம் மங்கை உள்ளுக்குள் செத்துச் செத்துப் பிழைத்தாள். இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அந்த எட்டாவது சனிக்கிழமை மத்தியானமே அவன் வீடு திரும்பினான். பெட்டியை இறக்கும்போது இமைக்கிற நேரம் கண் சொக்கிவிட்டது. கீழே நம்பர் குறித்துக்கொண்டிருந்த விமல் பாய்ந்து விலகியதால் உயிரோடு இருக்கிறான். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். திங்கட்கிழமை முடிவு சொல்வார்களாம்.

"அவனுக்குச் சின்ன கொழந்த கீது, மங்க" என்றான்.

அடுப்பில் எள்ளு வறுபட்டுக்கொண்டிருந்தது. தான் வைத்த சோற்றால் ஒரு மனுஷன் நசுங்கிச் செத்திருப்பான். அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் காலடியில் உட்கார்ந்தாள்.

"நாய் கொலைக்கிறதுக்கு நான்தான்யா காரணம்."

ஜோசியர், எள்ளுச்சாதம், பொறை எல்லாவற்றையும் கொட்டினாள். அடிப்பான் என்று நினைத்தாள். அடித்தால் தேவலை என்றும் நினைத்தாள்.

"தெரியும்" என்றான் அவன். "மூணாவது வாரமே பாத்துட்டேன். சொவத்தாண்ட எலைய நீட்டிகினு நின்ன. எங்கம்மாவும் சனிக்கு இதே மாதிரி எட்டு வாரம் வெச்சிருக்கு."

"பாத்துட்டு இன்னாத்துக்குயா கம்முனு இருந்த? ஒரு வார்த்த கேட்டிருந்தா நிறுத்தியிருப்பேனே."

"கேட்டா பலிக்காதுன்னு சொல்லியிருப்பான்ல அந்த ஆளு. அதான் தூங்குற மாதிரி படுத்துகினு கெடந்தேன். அது கொலைக்கக் கொலைக்க, இன்னும் அஞ்சு வாரம், இன்னும் நாலு வாரம்னு எண்ணிகினு கெடந்தேன். இன்னியோட முடியுது, திங்கக்கெழம எப்டியும் சாவியத் திருப்பிக் குடுத்துருவாங்கன்னு நம்பித்தான் வூட்டுக்கே வந்தேன்."

மங்கைக்கு அப்போதுதான் உறைத்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இனிப் பொத்தி என்ன ஆகப் போகிறது.

தண்டபாணி அவளைத் திட்டவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதான்.

"ஒரு ராத்திரிதான மங்க பாக்கி இருந்துச்சு" என்றான். "இன்னும் ஒரு ராத்திரி சொல்லாம இருந்திருக்கக் கூடாதா."